முற்றுப்பெறாத விளையாட்டுக்கு முழு விலையா?

முன்னுரை

விலை கொடுத்து வாங்கும் பொருள் முழுமையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மக்கள் இயல்பு. கை வைத்துத் தைக்கப்படாத சட்டைக்கு எவரும் முழுக் கூலி கொடுப்பதில்லை. இறுதி இருபது பக்கங்கள் அச்சாகாத பாடநூலை எந்த மாணவரும் முழு விலைக்கு வாங்குவதில்லை. ஆனால், கணினி விளையாட்டு உலகில் இவ்வழக்கம் பெரிதும் மாறிவிட்டது. இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் விளையாட்டுகள் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. உலகெங்கும் உள்ள இளைஞர்கள் அவற்றை அறிந்தே வாங்குகின்றனர்.

இத்தகைய விளையாட்டுகளின் விலை எவ்வாறு இருக்க வேண்டும்? முழுமை பெறாத காரணத்தால் விலையைக் குறைத்தே தீர வேண்டும் என்பது ஒரு சாராரின் கருத்து. விலையை முடிவு செய்யும் உரிமை உருவாக்குவோருக்கே உண்டு, விரும்பாதவர் வாங்காமல் இருக்கலாம் என்பது மற்றொரு சாராரின் கருத்து. இருதரப்பிலும் நியாயம் உண்டு. எனினும், இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. முற்றுப்பெறாத விளையாட்டு அதன் இன்றைய நிலைக்கு ஏற்ற குறைந்த விலையில் தொடங்க வேண்டும். விளையாட்டு வளர வளர விலையும் வளரலாம். இதுவே வாங்குவோருக்கும் உருவாக்குவோருக்கும் நன்மை தரும் முறை.

முன்னணுகல் விற்பனை

முற்காலத்தில் கணினி விளையாட்டுகள் வட்டுகளில் பதியப்பட்டுக் கடைகளுக்கு வந்தன. வட்டில் பதிந்தபின் பிழை திருத்துவது அரிது. எனவே பணி முழுவதும் நிறைவடைந்த பிறகே விற்பனை தொடங்கியது. இணையம் பரவிய பின்னர் இந்நிலை மாறியது. விற்ற விளையாட்டையும் நாள்தோறும் திருத்தலாம், புதிய பகுதிகளைச் சேர்க்கலாம் என்றாகிவிட்டது. இந்த வசதியிலிருந்து பிறந்ததே 'ஏர்லி ஆக்சஸ்' என்னும் விற்பனை முறை. இதனைத் தமிழில் 'முன்னணுகல்' எனலாம். முழுமை அடைவதற்கு முன்பே விளையாட்டை அணுகி ஆட வழிசெய்வது என்பது இதன் பொருள்.

வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் நடத்தும் 'ஸ்டீம்' இணையக் கடை, 2013 மார்ச் 20 அன்று 12 விளையாட்டுகளுடன் முன்னணுகல் பிரிவைத் தொடங்கியது. இப்பிரிவில் விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை இடம்பெறுகிறது. இவ்விளையாட்டு முழுமை பெறவில்லை. இனி இது மாறலாம், மாறாமலும் போகலாம். இப்போதுள்ள நிலையில் இதனை ஆட விருப்பமில்லாதவர்கள் காத்திருப்பது நல்லது என்பதே அதன் சாரம். முன்னணுகல் எவ்வளவு காலம் நீடிக்கும், இப்போது எவை உள்ளன, இனி எவை சேரும், முழுமை பெற்றபின் விலை மாறுமா என்பன போன்ற வினாக்களுக்கும் உருவாக்குவோர் அப்பக்கத்திலேயே விடை எழுத வேண்டும்.

உருவாக்குவோருக்கும் அக்கடை ஓர் அறிவுரை கூறுகிறது. மக்கள் விளையாட்டின் இன்றைய நிலையைப் பார்த்தே வாங்க வேண்டும். நாளை நிறைவேறலாம் அல்லது நிறைவேறாமல் போகலாம் என்னும் வாக்குறுதிகளைப் பார்த்து வாங்கக் கூடாது என்பதே அந்த அறிவுரை. விலை பற்றிய வாதத்திற்கு இதுவே அடிப்படை. வாங்குவோர் இன்றைய நிலையைப் பார்த்து வாங்க வேண்டும் என்றால், விற்போரும் இன்றைய நிலைக்கே விலை கேட்க வேண்டும். வாங்கும்போது இன்றைய நிலை, விலை கேட்கும்போது மட்டும் நாளைய நிலை என்பது ஒரு தராசில் இருவகை எடைக்கல் வைப்பதற்கு ஒப்பாகும்.

மைன்கிராஃப்ட் காட்டிய படிவிலை

முன்னணுகல் என்னும் பெயர் பரவுவதற்கு முன்பே, அம்முறையை நேர்மையாகக் கையாண்ட விளையாட்டு ஒன்று உண்டு. பள்ளி மாணவர் பலரும் அறிந்த மைன்கிராஃப்டே அது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அப்போது அதில் கட்டைகளை அடுக்கவும் உடைக்கவும் மட்டுமே முடிந்தது. அடுத்த மாதமே அவர் அதனை விற்கத் தொடங்கினார். விலை ஏறத்தாழ 10 யூரோ. விளையாட்டு முன்னேறும்போது விலை உயரும் என்பதும், முதலில் வாங்கியோர் பின்னர் வரும் வடிவங்களுக்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டியதில்லை என்பதும் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டன.

2010 டிசம்பரில் விளையாட்டு அடுத்த கட்டத்தை அடைந்தபோது விலை ஏறத்தாழ 15 யூரோ ஆயிற்று. 2011 நவம்பர் 18 அன்று முழு வடிவம் வெளிவந்தபோது ஏறத்தாழ 20 யூரோ ஆயிற்று. அதாவது, முதலில் நம்பியவர் முழு விலையில் பாதியைச் செலுத்தினார். இடையில் வந்தவர் முக்கால் பங்கு செலுத்தினார். முழுமை அடைந்தபின் வாங்கியவர் முழு விலையைச் செலுத்தினார். ஒவ்வொருவரும் தாம் பெற்ற பொருளுக்கு ஏற்ற விலையையே கொடுத்தனர். எவரும் ஏமாற்றப்படவில்லை.

விலையைக் குறைத்ததால் உருவாக்கியவர் நலிந்துவிட்டாரா? இல்லை. குறைந்த விலையில் வந்தவர்களே தம் நண்பர்களுக்கு விளையாட்டை அறிமுகம் செய்தனர். 2014ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மைன்கிராஃப்டை உருவாக்கிய நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. தொடக்க விலை குறைவாக இருப்பது பொருளின் மதிப்பைக் கெடுத்துவிடும் என்னும் அச்சத்திற்கு இந்நிகழ்வு போதிய விடை ஆகும்.

ஒரே பெயர், இரண்டு கதைகள்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் விளையாட்டின் வரலாறு இவ்விவாதத்திற்கு மேலும் தெளிவு தருகிறது. பச்சை நிறச் சிற்றுயிர்களுக்காக விண்கலங்களை வடிவமைத்து, அவற்றை விண்ணில் செலுத்துவதே அவ்விளையாட்டு. புவியீர்ப்பு, சுற்றுப்பாதை, எரிபொருளின் எடை ஆகியவற்றைக் கணித்தே அதில் வெற்றி பெற முடியும். மெக்சிகோ நகரைச் சேர்ந்த ஸ்குவாட் என்னும் சிறு நிறுவனம் அதனை உருவாக்கியது. 2011 ஜூன் மாதத்தில் முதல் வடிவம் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் படிப்படியாக வளர்ந்து, 2015 ஏப்ரலில் அது முழுமை பெற்றது. விலையும் குறைந்த தொகையில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தது. ஸ்டீம் கடை முன்னணுகலைத் தொடங்கியபோது இடம்பெற்ற 12 விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

இதன் இரண்டாம் பாகம் வேறு கைகளுக்குச் சென்றது. அதனை வெளியிட்டது டேக்-டூ என்னும் பெருநிறுவனத்தின் பிரிவு ஒன்று. 2023 பிப்ரவரி 24 அன்று இரண்டாம் பாகம் முன்னணுகல் விற்பனைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 50 டாலர். முழுமை பெற்ற முதல் பாகத்தின் பட்டியல் விலையோ ஏறத்தாழ 40 டாலர். முற்றுப்பெறாத பொருள், முற்றுப்பெற்ற பொருளைவிட விலை மிகுந்திருந்தது. பிற கோள்களில் குடியிருப்புகள் அமைத்தல், வேறு விண்மீன்களுக்குப் பயணம் செய்தல், பலர் கூடி ஆடுதல் ஆகியவை பின்னர் சேரும் என்று திட்டம் அறிவிக்கப்பட்டது. வெளியீட்டு நாளிலோ விளையாட்டில் பிழைகள் மலிந்திருந்தன. ஆற்றல் மிக்க கணினிகளிலும் அது தடுமாறியே ஓடியது. முதல் பாகத்தில் இருந்த அறிவியல் ஆய்வுப் பகுதிகூட 2023 டிசம்பரில்தான் சேர்க்கப்பட்டது.

2024ஆம் ஆண்டின் நடுவில், இரண்டாம் பாகத்தை உருவாக்கிவந்த நிறுவனம் மூடப்பட்டது. குடியிருப்புகளும் விண்மீன் பயணமும் கூடி ஆடும் வசதியும் வரவேயில்லை. 50 டாலர் கொடுத்தவர்களின் கையில் பாதி வீடே எஞ்சியது.

இவ்விரு கதைகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். முதல் பாகத்தை முன்கூட்டியே வாங்கியவரும் துணிந்தே வாங்கினார். அம்முயற்சி தோற்றிருந்தால் அவர் இழந்திருக்கக் கூடியது சிறு தொகை. இரண்டாம் பாகத்தை 2023இல் வாங்கியவரும் துணிந்தே வாங்கினார். ஆனால் அவர் இழந்தது ஒரு முழு விளையாட்டின் விலை. துணிவு ஒன்றே; இழப்பின் அளவு வேறு. அந்த அளவை முடிவு செய்தது தொடக்க விலையே.

வாங்குவோர் கொடுப்பது பணம் மட்டுமா?

முன்னணுகலில் வாங்குவோர் மூன்று வகையில் கொடுக்கின்றனர். முதலாவது, பணம். அதுவும் முன்கூட்டியே கொடுக்கும் பணம். பொருள் கையில் வருவதற்கு முன்பே பணம் கொடுப்பவர் ஒருவகையில் கடன் கொடுப்பவரே. வங்கியில் போட்ட பணத்திற்கு வட்டி உண்டு. முன்னணுகலில் போட்ட பணத்திற்கு வட்டி இல்லை.

இரண்டாவது, உழைப்பு. விளையாட்டு நிறுவனங்களில் பிழைகளைக் கண்டறிவதற்கென்றே ஊதியம் பெறும் சோதனையாளர்கள் உள்ளனர். முன்னணுகலில் அப்பணியின் பெரும்பகுதியை வாங்கியவர்களே செய்கின்றனர். விளையாட்டு நடுவில் நின்றுபோனால் அறிக்கை அனுப்புகின்றனர். எந்தப் பகுதி கடினமாக உள்ளது, எந்தப் பகுதி சலிப்பூட்டுகிறது என்று எழுதுகின்றனர். ஊதியம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை, விலை கொடுத்தவர் செய்துதருகிறார்.

மூன்றாவது, இடர். விளையாட்டு முழுமை பெறாமலே போகலாம். டபுள் ஃபைன் நிறுவனத்தின் ஸ்பேஸ்பேஸ் டி.எஃப்.-9 என்னும் விளையாட்டு 2013 அக்டோபரில் முன்னணுகலுக்கு வந்தது. எதிர்பார்த்த வருமானம் கிடைக்காததால் 2014இல் அதன் பணி சுருக்கி முடிக்கப்பட்டது. திட்டமிட்ட பல பகுதிகள் சேர்க்கப்படவில்லை. இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. பணம் தீர்ந்தது, பணியும் நின்றது. ஆயினும் அதன் சுமையில் ஒரு பங்கு வாங்கியோர் தலையிலும் விழுந்தது.

முன்பணம், உழைப்பு, இடர் ஆகிய மூன்றையும் ஏற்பவருக்கு விலையைக் குறைப்பது கொடை ஆகாது. அது அவருக்குச் சேர வேண்டிய பங்கு. முழு விலையும் கேட்டு இம்மூன்றையும் இலவசமாகப் பெறுவது முறையாகாது.

மறுதரப்பின் வாதங்கள்

விலைக் குறைப்பை ஏற்காதோர் கூறும் வாதங்களையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதல் வாதம், சிறு நிறுவனங்களின் பிழைப்பு பற்றியது. முன்னணுகலை நாடுவோரில் பலர் இருவர், மூவராகச் சேர்ந்து உழைப்பவர்கள். அவர்களுக்கு முதலீடு கொடுக்கப் பெரிய வெளியீட்டாளர் எவரும் இல்லை. விலையைக் குறைத்தால் அவர்களின் வாடகைக்கும் உணவுக்கும் பணம் போதாது. அதனாலேயே விளையாட்டு பாதியில் நின்றுவிடும் என்பர். இது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. எனினும், விற்பனை மிகக் குறைவாக இருந்தாலும் பணியைத் தொடர வழியுள்ளவர்களே முன்னணுகலுக்கு வர வேண்டும் என்று ஸ்டீம் கடையே உருவாக்குவோருக்கு அறிவுறுத்துகிறது. முழு விலை கிடைத்தால்தான் முடிக்க முடியும் என்னும் நிலையில் உள்ள திட்டமே வாங்குவோருக்கு மிகுந்த இடர் தருவது. அங்கே விலை குறைவாக இருப்பதற்கான தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மேலும், குறைந்த விலை பலரை ஈர்ப்பதால் மொத்த வருமானம் குறைந்தே தீரும் என்றும் கூற இயலாது.

இரண்டாம் வாதம், பால்டர்ஸ் கேட் 3 என்னும் விளையாட்டைச் சான்றாகக் காட்டுவது. பெல்ஜியம் நாட்டின் லாரியன் நிறுவனம் 2020 அக்டோபர் 6 அன்று அதனை முன்னணுகலுக்குக் கொண்டுவந்தது. கதையின் முதல் பகுதி மட்டுமே அப்போது இருந்தது. விலையோ முழு விலை, ஏறத்தாழ 60 டாலர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டு 3 அன்று முழு வடிவம் வெளிவந்தது. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்னும் உயரிய விருதுகளையும் வென்றது. முன்பே வாங்கியோர் கூடுதலாக ஒன்றும் செலுத்தவில்லை. இவ்வளவு சிறப்பாக முடிந்ததில் என்ன குறை என்று கேட்பர்.

குறை ஒன்றும் இல்லை. ஆனால் இதிலிருந்து பொது விதி வகுக்க இயலாது. லாரியன் அதற்கு முன்பே இரண்டு விளையாட்டுகளை முன்னணுகலில் விற்று, இரண்டையும் முடித்துக் காட்டியிருந்தது. முழு விலை கேட்கும் நம்பகத்தன்மையை அது பல ஆண்டு உழைப்பால் ஈட்டியிருந்தது. அந்நம்பகத்தன்மை எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு என்று கொள்வது, ஒருவர் நீந்திக் கடந்த ஆற்றில் ஊரார் அனைவரும் இறங்கலாம் என்று கூறுவதைப் போன்றது. அன்றியும், முன்பே வாங்கியவரும் மூன்றாண்டு கழித்து வாங்கியவரும் ஒரே விலையையே கொடுத்தனர். முன்பே வந்தவர் பிழைகளைத் தாங்கியதற்கும் கருத்துகளை எழுதியதற்கும் விலையில் ஓர் அடையாளமும் இல்லை. வெற்றி பெற்ற விளையாட்டிலும் அந்தக் கேள்வி எஞ்சியே நிற்கிறது.

மூன்றாம் வாதம், விலை குறைவாக இருந்தால் ஆர்வமற்றோரும் வாங்கிவிடுவர் என்பது. அவர்கள் முற்றுப்பெற்ற விளையாட்டை எதிர்பார்த்து ஏமாந்து, கடுமையான மதிப்புரைகளை எழுதிவிடுவர். அதனால் விளையாட்டின் பெயர் தொடக்கத்திலேயே கெட்டுவிடும் என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் உயர்ந்த விலை கொடுத்து ஏமாந்தவர் எழுதும் மதிப்புரை இதைவிடக் கடுமையாகவே இருக்கும். கெர்பல் இரண்டாம் பாகத்திற்கு நேர்ந்ததும் அதுவே. முறையற்ற எதிர்பார்ப்பைத் தடுக்கும் வழி தெளிவான அறிவிப்பு. உயர்ந்த விலை அன்று.

நான்காம் வாதம், எச்சரிக்கையைப் படித்தபின் வாங்குவோர் முறையிடலாகாது என்பது. ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்னும் வசதியும் 2015 முதல் உள்ளது. இவ்வசதி பயனுடையதே. ஆனால் முன்னணுகல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மூன்றாம் ஆண்டில் கைவிடப்படும் விளையாட்டுக்கு முதல் பதினான்கு நாள் பாதுகாப்பு எவ்வாறு உதவும்? எச்சரிக்கை கொடுத்ததால் பொறுப்பு தீர்ந்துவிடாது. இடர் உண்டு என்று விற்போர் தாமே எழுதி ஒட்டும்போது, அவ்விடர் விலையிலும் தெரிய வேண்டும்.

தள்ளுபடி வேறு, தகுவிலை வேறு

விலைக் குறைப்பு என்னும் சொல்லில் இரு பொருள்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது. ஒன்று, தள்ளுபடி. திருவிழாக் காலத் துணிக்கடை விற்பனையைப் போல, சில நாட்களுக்கு மட்டும் விலையைக் குறைத்துப் பின்பு உயர்த்துவது. மற்றொன்று, தகுவிலை. பொருள் இன்றிருக்கும் நிலைக்குத் தக்க விலையைத் தொடக்கத்திலேயே வைப்பது.

முன்னணுகல் விளையாட்டுகளுக்கு வேண்டியது தகுவிலையே. அடிக்கடி தரப்படும் தள்ளுபடி சில வேளைகளில் தீங்கும் செய்கிறது. முதல் மாதத்தில் 20 டாலர் கொடுத்து வாங்கி, பிழைகளைச் சுட்டிக்காட்டி, நண்பர்களிடம் பரிந்துரைத்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து, பிழைகள் குறைந்து பகுதிகள் கூடிய அதே விளையாட்டை மற்றொருவர் 10 டாலருக்கு வாங்குகிறார். குறைந்த பொருளுக்கு மிகுந்த விலை கொடுத்தவர் முன்னவர். மிகுந்த பொருளுக்குக் குறைந்த விலை கொடுத்தவர் பின்னவர். இது நம்பியவரைத் தண்டிக்கும் முறை ஆகும். அடுத்த முறை அவர் எதையும் முன்கூட்டி வாங்கத் தயங்குவார்.

செக் நாட்டில் உருவான ஃபேக்டோரியோ என்னும் விளையாட்டு இதில் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. தொழிற்சாலைகளை அமைத்து வளர்க்கும் இவ்விளையாட்டுக்குத் தள்ளுபடி என்பதே கிடையாது என்று உருவாக்கியோர் அறிவித்தனர். அதே வேளையில், முன்னணுகல் காலத்தில் 20 டாலராக இருந்த விலையை, பகுதிகள் பல சேர்ந்தபின் 2018 ஏப்ரலில் 30 டாலராக உயர்த்தினர். 2020 ஆகஸ்டில் விளையாட்டு முழுமை பெற்றது. தள்ளுபடி இல்லை, ஆயினும் முன்வந்தோர் குறைவாகவே கொடுத்தனர். ஹேடீஸ் என்னும் புகழ்பெற்ற விளையாட்டும் 2018 டிசம்பரில் 20 டாலருக்கு முன்னணுகலில் வந்து, 2020 செப்டம்பரில் முழுமை பெற்றபோது 25 டாலர் ஆயிற்று. இவற்றை உருவாக்கியோர் நட்டமடையவில்லை. வாங்கியோரும் மனம் வருந்தவில்லை.

பிற துறைகள் கற்பிக்கும் பாடம்

முற்றுப்பெறாத பொருளை விற்பது கணினி விளையாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. மும்பை, தில்லி, பெங்களூரு, புனே முதலிய பெருநகரங்களில் வாழும் மாணவர்கள், கட்டி முடிக்கப்படாத அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான விளம்பரப் பலகைகளை நாள்தோறும் காண்கின்றனர். கட்டுமானம் தொடங்கும் நிலையில் முன்பதிவு செய்வோருக்கு விலை குறைவாக இருப்பது அத்துறையின் வழக்கம். காத்திருப்புக்கும் இடருக்கும் உரிய ஈடு அது.

விலைக் குறைப்பு மட்டும் போதாது என்பதையும் அத்துறை உணர்த்தியது. பணம் வாங்கிய பின்னர்ப் பல கட்டடங்கள் பாதியில் நின்றன. ஆகவே 2016ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. உரிய காலத்தில் வீடு தரப்படாவிட்டால் வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறவும் வழிசெய்கிறது.

தமிழ் நூல் பதிப்பிலும் முன்வெளியீட்டுத் திட்டம் என்னும் வழக்கம் உண்டு. பெரிய நூல் ஒன்று அச்சாகும் முன்பே பணம் செலுத்துவோருக்கு விலையைக் குறைத்துத் தருவர். நூல் வெளிவந்தபின் வாங்குவோர் முழு விலை கொடுப்பர். முன்வந்து தாங்கியவருக்குச் சலுகை என்னும் நெறியே இங்கும் காணப்படுகிறது.

வீட்டுக்கும் நூலுக்கும் பொருந்தும் நெறி விளையாட்டுக்கு மட்டும் ஏன் பொருந்தாது? விளையாட்டு விலை சிறிது, வீட்டு விலை பெரிது என்பது உண்மை. ஆகவே அதே அளவுக்குக் கடுமையான சட்டம் தேவையில்லை. ஆனால் நேர்மையின் அளவுகோல் விலையைப் பொறுத்து மாறுவதில்லை. மாதந்தோறும் கிடைக்கும் சிறு தொகையைச் சேர்த்து வைத்து விளையாட்டு வாங்கும் மாணவருக்கு அந்தச் சிறு தொகையே பெருந்தொகை.

வாங்குவோரின் கடமை

விலையை நேர்மையாக வைப்பது விற்போரின் கடமை என்றால், விழிப்புடன் வாங்குவது வாங்குவோரின் கடமை. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உறுதி செய்கிறது. அவ்வுரிமை பயன்படுத்துவோருக்கே பயன் தரும்.

முன்னணுகல் விளையாட்டை வாங்க விரும்பும் மாணவர், வீட்டுப் பெரியோரிடம் கலந்து பேசி, நான்கு வினாக்களுக்கு விடை தேட வேண்டும். இனி எதுவும் சேராவிட்டாலும் இன்றைய நிலையில் இவ்விளையாட்டு இவ்விலைக்குத் தகுமா? இதனை உருவாக்குவோர் இதற்கு முன் எதையேனும் முடித்துக் காட்டியுள்ளனரா? இறுதியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? முழுமை பெற்றபின் விலை உயருமா, உயராதா? இவற்றுள் முதல் வினாவே தலையாயது. அதற்கு 'ஆம்' என்று விடை கூற முடியாதபோது, காத்திருப்பதே அறிவுடைமை. காத்திருப்பதால் விளையாட்டு எங்கும் ஓடிவிடாது.

மூன்றாம் வினாவுக்கு விடை காண்பது இப்போது எளிதாகியுள்ளது. ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாத முன்னணுகல் விளையாட்டுகளின் பக்கத்தில், அவ்வுண்மையைத் தெரிவிக்கும் குறிப்பை ஸ்டீம் கடை 2025 முதல் காட்டத் தொடங்கியது. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

முடிவுரை

முன்னணுகல் தீய முறை அன்று. அது இல்லையெனில் மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகள் இன்றுள்ள வடிவத்தில் பிறந்திருக்குமா என்பதே ஐயம். பெரிய முதலாளிகளின் துணையின்றிச் சிலர் தம் கற்பனையை உலகுக்குக் காட்ட அது வழி திறந்தது. ஆடுவோரும் ஆக்குவோரும் உரையாடி ஒரு படைப்பை வளர்ப்பது இனிய அனுபவமும் ஆகும்.

அவ்வழி அடைபடாமல் இருக்க வேண்டுமானால் நம்பிக்கை நிலைக்க வேண்டும். முழு விலைக்கு விற்கப்பட்டுப் பாதியில் கைவிடப்படும் ஒவ்வொரு விளையாட்டும், அடுத்து வரும் நேர்மையான சிறு படைப்பாளியின் வாயிலில் சேர வேண்டிய நம்பிக்கையைக் குறைத்துவிடுகிறது. இழப்பு வாங்கியவரோடு முடிவதில்லை. ஆகவே, முற்றுப்பெறாத விளையாட்டு குறைந்த விலையில் தொடங்கட்டும். வளர்ச்சிக்கு ஏற்ப விலை உயரட்டும். முதலில் நம்பியவர் எந்நாளும் மிகுதியாகக் கொடுத்தவர் ஆகாதிருக்கட்டும். பாதி கட்டிய வீட்டுக்குப் பாதி விலை கேட்பவரே, மீதியையும் கட்டி முடிப்பார் என்னும் நம்பிக்கையைப் பெறத் தகுதியுடையவர்.